இளவயதில் முடி கொட்டும்போது செய்ய வேண்டியவை

முடியின் வளர்ச்சியும் வீழ்ச்சியும் மாதக் கணக்கில் நடப்பவை. முடி கொட்டுகிறதே என்ற பயமோ நாளுக்கு நாள் பெருகுவது. இந்த இடைவெளியில்தான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ இளைஞர்களின் பணம் கரைந்துபோகிறது. இந்த மாதம் ஓர் எண்ணெய், அடுத்த மாதம் ஒரு ஷாம்பு, அதற்கடுத்த மாதம் நண்பன் சொன்ன குளிசை என்று மாற்றிக்கொண்டே போனால், எது பயன் தந்தது, எது தரவில்லை என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். காரணத்தை முதலில் அறிந்து, ஒரு வழியைத் தெரிந்தெடுத்து, அதற்கு உரிய காலத்தைக் கொடுப்பதே இங்கு விளக்கப்படும் முறை.

தலையில் ஏறத்தாழ 100,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்னர் மூன்று மாதமளவில் ஓய்ந்திருந்து உதிர்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பானதே. ஓய்வுக்காலம் மூன்று மாதம் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது; ஏனெனில் இன்று சீப்பில் கொத்தாக வரும் முடிக்கான காரணம் பெரும்பாலும் நேற்று நடந்ததல்ல. டெங்குக் காய்ச்சலில் படுத்தெழுந்த ஒருவருக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டுவதுண்டு. கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, திடீரென்று உடல் மெலிதல், நீண்ட மன அழுத்தம் ஆகியவற்றுக்குப் பின்னரும் இவ்வாறு நேரலாம். அவ்வகை உதிர்வு பொதுவாக ஆறு மாதமளவில் தானாகவே தணியும். அதற்கு வழுக்கை மருந்து வாங்கத் தேவையில்லை. உடல் தானாக மீண்டதன் பெருமை அந்த நேரத்தில் பூசிய எண்ணெய்க்குப் போய்விடுவதும் இப்படித்தான்.

ஆண் வகை வழுக்கை இதிலிருந்து வேறுபட்டது. அதில் முடி கொட்டுவதைக் காட்டிலும் மெலிவதே முதலில் நடக்கிறது. நெற்றியின் இரு ஓரங்களும் உள்வாங்கும், உச்சியில் சுழிப்பக்கம் தோல் தெரியத் தொடங்கும், பின்தலையும் காதோரமும் அடர்த்தி குறையாமல் இருக்கும். டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனை உடலிலுள்ள ஒரு நொதியம் டீஎச்ரீ என்னும் வலிமை கூடிய வடிவமாக மாற்றுகிறது; பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படும் முடிவேர்கள் ஒவ்வொரு சுற்றிலும் முன்னிலும் மெல்லிய, குட்டையான முடியையே தருகின்றன. தாய்வழிப் பாட்டனாரைப் பார்த்தால் போதும் என்று சொல்வார்கள். தாயிடமிருந்து வரும் ஒரு மரபணுவுக்கு இதில் முக்கிய பங்கு உண்டென்றாலும், வேறு பல மரபணுக்கள் தந்தைவழியாகவும் வருகின்றன. எனவே இரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நாணயம் அளவில் வட்டமாக முடி போயிருந்தால் அது புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் அதற்கும் புழுவுக்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் அது வருகிறது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் வைத்தியரிடம் காட்டினால், அந்த இடத்தில் ஸ்டீரொய்ட் ஊசி போடுவது போன்ற முறையான சிகிச்சை கிடைக்கும். தலைத்தோலில் வலி, சீழ், தடித்த செதில், தழும்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்கக் கூடாது. தழும்பு விழுந்த இடத்தில் முடிவேர் நிரந்தரமாக அழிந்துவிடும் என்பதால், இங்கு மட்டும் காத்திருக்காமல் முடியைக் காப்பாற்ற விரைந்து செயற்பட வேண்டும்.

வைத்தியரிடம் போவதற்கு முன்னர் கைத்தொலைபேசியில் நான்கு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்நெற்றி, இரு ஓரங்கள், உச்சி. எண்ணெய் இல்லாத, நன்கு காய்ந்த தலையாக இருக்க வேண்டும். அறையும் வெளிச்சமும் தூரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். குளியலறை மின்குமிழின் நேர் கீழே ஈரத்தலையுடன் எடுத்த படத்தில் எவருடைய தலையும் வழுக்கையாகவே தெரியும். அடுத்த படங்களை மூன்று மாதம் கழித்தே எடுங்கள். இடையில் நாளுக்குப் பத்துத் தடவை கண்ணாடி பார்ப்பதால் எதுவும் தெரியவராது, மனம் மட்டுமே நொந்துபோகும்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்றால் அங்கிருந்து தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை, ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நேரமில்லாதவர்கள் தனியார் வைத்தியசாலையொன்றில் தோல் வைத்திய நிபுணரைச் சனல் செய்துகொள்ளலாம். அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்பதைப் பாருங்கள். அழகு நிலையத்தில் வெள்ளை மேலங்கி அணிந்த எல்லோரும் வைத்தியர் அல்லர். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், எடைக்குறைவு, எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜிம்மில் யாரேனும் தந்த தசை வளர்க்கும் ஊசியோ குளிசையோ எடுத்திருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். ஆண் ஹோர்மோன் சார்ந்த அந்த மருந்துகள் வழுக்கையை விரைவுபடுத்தக் கூடியவை. தேவையென்று கண்டால் வைத்தியர் இரும்புச்சத்து, தைரொய்ட் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளை எழுதுவார். பயோட்டின் என்ற உயிர்ச்சத்துக் குளிசை எடுப்பவர்கள் அதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அது தைரொய்ட் பரிசோதனையின் முடிவைப் பிழையாகக் காட்டிவிடக் கூடும். உடலில் அந்த உயிர்ச்சத்துக் குறைபாடு இல்லாத ஒருவருக்குப் பயோட்டின் முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்றும் இல்லை.

ஆண் வகை வழுக்கைதான் என்று உறுதியானால், சான்றுள்ள மருந்துகளில் முதன்மையானவை இரண்டு. மினொக்சிடில் முதலில் உயர் குருதி அமுக்கத்துக்கான குளிசையாக வந்தது. அதை உட்கொண்ட நோயாளர்களின் உடலில் முடி கூடுதலாக வளர்ந்ததைக் கண்டே தலையில் பூசும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு அதற்கு அனுமதி கிடைத்தது. ஆண்களுக்குப் பெரும்பாலும் 5 சதவீதத் திரவம் தரப்படுகிறது: ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரண்டு தடவை. அப்படியானால் 60 மில்லிலீற்றர்ப் போத்தல் சரியாக ஒரு மாதத்துக்கே வரும். பாமசியில் விலையைக் கேட்டதும் அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையை ஆண்டுதோறும் செலவிட முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே மேல். நிறுத்தினால், மருந்தால் நின்றிருந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

பூசும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். முடியை நனைப்பதால் பயனில்லை, மருந்து தோலில் பட வேண்டும். சீப்பின் நுனியால் வகிடு எடுத்து, தெரியும் தோலில் சில துளிகளை விட்டு, விரல் நுனியால் பரப்பி, ஒரு விரலகலம் தள்ளி அடுத்த வகிட்டை எடுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; கழுவாமல் முகத்தைத் தொட்டால் அங்கும் முடி வளரக் கூடும். கொழும்பின் புழுக்கத்தில் குளித்த தலை காய நேரமெடுக்கும். ஈரத்தலையிலோ எண்ணெய்த் தலையிலோ பூசக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகுபவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டியதில்லை, எண்ணெய் போகக் கழுவித் தலை காய்ந்த பின்னர் பூசினால் போதும். காலையில் பூசியவுடன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு காலி வீதியில் இறங்கினால் மருந்து கவசத்தின் உட்துணிக்கே போய்ச் சேரும். முற்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். இரவில் படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே பூசிவிட்டால் தலையணையில் ஒட்டாது. வீட்டில் பூனை இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும், இந்த மருந்து சிறிதளவு பட்டாலும் பூனையின் உயிருக்கு ஆபத்து.

தொடங்கிய சில வாரங்களில் முடி முன்னிலும் கூடுதலாகக் கொட்டலாம். ஓய்ந்திருந்த பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதிய முடி கிளம்புவதால் வரும் உதிர்வு அது. பெரும்பாலானோர் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். நான்கு மாதம் கடக்கும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். தோலில் கடி எடுத்துச் செதில் உதிர்ந்தால் திரவத்திலுள்ள புரொபிலீன் கிளைகோல் காரணமாக இருக்கலாம், நுரை வடிவத்துக்கு மாறிப் பார்க்கலாம். நெஞ்சு படபடப்பு, தலைச்சுற்று, கால்வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் காணுங்கள்.

இரண்டாவது மருந்தான ஃபினாஸ்டரைட் குளிசைக்குப் பின்னால் ஒரு வியப்பான வரலாறு உண்டு. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், மேலே சொன்ன நொதியம் பிறப்பிலேயே குறைந்த ஆண்கள் இருப்பதாக 1974ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரொஸ்டேட் சுரப்பி அவர்களுக்கு வளராமல் சிறிதாகவே இருந்தது, நெற்றியும் ஏறவில்லை. அந்த நொதியத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடியதன் விளைவே ஃபினாஸ்டரைட். புரொஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் குளிசையாக 1992இலும், வழுக்கைக்கு 1 மில்லிகிராம் குளிசையாக 1997இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளில், இரண்டு ஆண்டு முடிவில் மருந்தெடுத்தவர்களுள் 83 சதவீதமானோருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் அது 28 சதவீதம் மட்டுமே. இருக்கும் முடியைக் காப்பதில் இதன் பலம் அத்தகையது. போனதைத் திருப்பித் தருவதில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் இந்தக் குளிசையை நண்பனின் பேச்சை நம்பி பாமசியில் வாங்கி விழுங்கக் கூடாது. சிறு வீதமானோருக்குப் பாலியல் விருப்பம் குறைதல், விறைப்புக் குறைதல் போன்றவை ஏற்படுகின்றன. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிவிடும், சிலர் நிறுத்திய பின்னரும் அவை நீடித்ததாக முறையிட்டுள்ளனர். 2025இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை, தற்கொலை எண்ணத்தை இதன் பக்க விளைவுகளில் ஒன்றாக உறுதிப்படுத்தியது. மனச்சோர்வு முன்பு இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மனம் இருண்டுபோவதாக உணர்ந்தால் அன்றே நிறுத்தி அவரிடம் பேசுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த குளிசையைத் தொடவும் கூடாது, வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம். செலவைக் குறைக்க 5 மில்லிகிராம் குளிசையை நான்காக வெட்டும் பழக்கம் உள்ளவர்கள், அண்ணியோ அக்காவோ கர்ப்பமாக உள்ள வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். இரத்ததான முகாமில், கொடுக்கும் இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதால், இந்தக் குளிசை எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு முயல்பவர்களும் வைத்தியரிடம் கேட்டே தொடர வேண்டும்.

எண்ணெய்களைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் முடித்தண்டு உடைவதைக் குறைக்கும், தலைக்கு இதமாகவும் இருக்கும். பரம்பரை வழுக்கையை அது நிறுத்தாது. இணையத்தில் விற்கும், உள்ளடக்கம் எழுதப்படாத போத்தல்களை வாங்காதீர்கள்.

முடிமாற்றுச் சத்திரசிகிச்சை, தோட்டத்தின் ஒரு மூலையில் நிற்கும் நாற்றைப் பிடுங்கி மறு மூலையில் நடுவதைப் போன்றது. புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. பின்தலையில் எடுக்கக்கூடிய வேர்கள் அளவுக்குட்பட்டவை, எடுத்த இடத்தில் மீண்டும் முளைக்கமாட்டா. இருபத்திரண்டு வயதில் நெற்றியை முழுவதும் நிரப்பிவிட்டு, முப்பத்தைந்தில் அதன் பின்னாலுள்ள சொந்த முடி போய்விட்டால், நடுவில் வெறுமையும் முன்னால் ஒரு வரிசையும் எஞ்சும். ஆகவே வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியும்வரை பொறுப்பதே நல்லது. சென்னைக்கோ இஸ்தான்புல்லுக்கோ போகத் திட்டமிடுபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன், வேர்களை எடுப்பதும் துளையிடுவதும் வைத்தியரா உதவியாளரா, நாடு திரும்பிய பின் தொற்று வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு செல்லும்.

சிகிச்சையே வேண்டாம் என்று தீர்மானிப்பதும் முழுமையான, மரியாதைக்குரிய தீர்மானம். வழுக்கையால் உடல்நலம் கெடாது. பக்கத்து முடியை நீளமாக வளர்த்து நடுவை மூடுவதை விட, சலூனில் பக்கங்களை ஒட்ட வெட்டி மேலே குட்டையாக விடச் சொன்னால் மெலிவு மிகக் குறைவாகவே தெரியும். முழுவதும் மழித்துக்கொள்பவர்கள் நண்பகல் வெயிலில் தொப்பியோ சன்ஸ்கிரீனோ இல்லாமல் வெளியில் இறங்கக் கூடாது.

கலியாண வீட்டில் “என்ன தம்பி, தலை வெளிச்சிட்டுது?” என்று கேட்கும் மாமாமாருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. “ஓம் மாமா, அப்பா மாதிரித்தான்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். நண்பர்கள் “மச்சான்” போட்டுச் செய்யும் பகிடி மனத்தைக் குத்தினால் அதைத் தனியாக ஒருவரிடமாவது சொல்லுங்கள். சொன்னால் பலர் நிறுத்திவிடுவார்கள். வெளியில் போவதைத் தவிர்க்கத் தொடங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, வாழ்வதில் வெறுப்பு வந்தாலோ, முடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

திருமணப் பேச்சுக்கால் நடக்கும் வயதினர் தரகரிடம் கொடுக்கும் படத்தில் இன்றைய தலை எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். மூன்று ஆண்டுக்கு முந்திய படத்தைக் கொடுத்துவிட்டு முதற் சந்திப்பு முழுவதும் அதை எண்ணிக் கூனிக்குறுகி இருப்பதை விட, அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் சம்மதித்து வரும் பெண்ணோடு தேநீர் குடிப்பது எவ்வளவோ இலகுவாக இருக்கும். எடுக்கும் குளிசையைப் பற்றியும், பேச்சு ஒப்பேறி வரும் காலத்தில், அவரிடமே நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.