ஆங்கிலேய மாளிகையைப் படிக்க ஜன்னலில் தொடங்குங்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹாலுக்குப் போனால், உடனே உள்ளே நுழைந்துவிடாதீர்கள். முழு முகப்பும் கண்ணில் படும் தூரத்தில் நின்று, ஜன்னல்களின் உயரத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளத்தில் குட்டை, நடுத்தளத்தில் அதைவிட உயரம், மேல்தளத்தில் எல்லாவற்றையும் மிஞ்சிய உயரம். ஜன்னல் எங்கே மிக உயரமோ, அந்தத் தளத்துக்குத்தான் மதிப்பு அதிகம். 1590 முதல் 1597 வரை இதைக் கட்டிய சீமாட்டி பெஸ், விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடத்தையும் நீண்ட நடைக்கூடத்தையும் உச்சியில் வைத்தார். தாம் குடியிருந்தது நடுத்தளத்தில். அதே டார்பிஷயரில் உள்ள 18-ஆம் நூற்றாண்டின் கெடில்ஸ்டன் மாளிகையிலோ முக்கிய அறைகள் கரடுமுரடான கல் வேலைப்பாடு கொண்ட கீழ்த்தளத்துக்கு நேர் மேலே இருக்கின்றன. வெளிப்படிகளும் அங்கேதான் ஏறுகின்றன.

அடுத்து காலக்கணிப்பு. மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னலாக இருந்தால், கண்ணாடித் துண்டுகளுக்கு இடையிலுள்ள மரச்சட்டத்தின் தடிமனைக் கவனியுங்கள். சுமார் ஒன்றரை அங்குலம் என்றால் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முக்கால் அங்குலத்துக்கும் குறைவு என்றால் 1800-ஐ ஒட்டிய காலம். மேல் சட்டகத்தின் இரு கீழ் மூலைகளிலும் சிறிய கொம்பு போல மரம் நீட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் 1840-க்குப் பிந்தையது. 1845-இல் கண்ணாடி வரி நீங்கியதும் பெரிய கண்ணாடிகள் மலிந்தன; நடுச்சட்டங்கள் போயின. கனம் கூடி மூலை இணைப்புகள் விட்டுப்போகாமலிருக்கவே அந்தக் கொம்பு.

கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்று, அதில் தெரியும் மரக்கிளையைப் பார்த்தபடி மெதுவாக நடங்கள். கிளை நெளிந்து நெளிந்து உடைந்தால் பழைய ஊதுகண்ணாடி. கிளை அசையாமல் நேராக நின்றால் பின்னாளில் மாற்றியது.

பலரும் தவறுவது அடைத்து மூடிய ஜன்னலில்தான். எதைக் கண்டாலும் "ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டின் ஜன்னல் எண்ணிக்கையைப் பொறுத்து விதித்த அந்த வரி இருந்தது 1696 முதல் 1851 வரை. ஆனால் அதற்கு நூறாண்டு முன்பே கட்டிய ஹார்ட்விக்கிலேயே சில ஜன்னல்கள் பொய். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது புகைபோக்கிச் சுவர். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக வைத்தவை. செங்கல் வீட்டில் இதைச் சோதிப்பது எளிது. அடைப்பின் செங்கல் வரிசைகள் சுற்றுச்சுவரின் வரிசைகளோடு பிசகாமல் ஓடி, சுண்ணச்சாந்தும் ஒரே நிறமாக இருந்தால் அது தொடக்கத்திலேயே கட்டிய பொய் ஜன்னலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விளிம்பில் நேர்கோடாகப் பிளவு தெரிந்து, வரிசைகள் ஏறியிறங்கி, செங்கலின் நிறமும் மாறினால் பின்னாளில் அடைத்தது. அப்போதும் வரிதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே அறையின் அமைப்பை மாற்றும்போதும் ஜன்னலை அடைப்பார்கள்.

முகப்பை மட்டும் வைத்து வீட்டின் வயதைச் சொல்லவே கூடாது. புது நாகரிகத்துக்காக முதலில் மாற்றியது அதைத்தான். சமையற்கட்டுப் பக்கமும் கூரையடி வேலைக்காரர் அறைகளும் செலவுக்கு அஞ்சி அப்படியே விடப்பட்டவை. தடித்த சட்டமும் நெளியும் கண்ணாடியும் அங்கேதான் மிஞ்சியிருக்கும். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.