எச்சரிக்கைப் பெட்டியை டாக்டர்கள் படிக்க ஆரம்பித்தது எப்படி?

நான் வேலை செய்யும் மருத்துவமனையில் கணினியில் மருந்து எழுதினாலே எச்சரிக்கைப் பெட்டி வந்து நிற்கும். பாராசிட்டமால் ஊசியை மாத்திரையாக மாற்றினால்கூட 'ஒரே மருந்து இரண்டு முறை' என்று மறிக்கும். டாக்டர்கள் படிக்காமலே 'ஓகே' தட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வார்டில் அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

மருந்தாளுநரும் நானும் பழைய பதிவுகளைப் பார்த்தோம். யாருமே பொருட்படுத்தாத, ஆபத்தும் இல்லாத எச்சரிக்கைகளை மூத்த மருத்துவர்களின் ஒப்புதலோடு நிறுத்தினோம்.

பெரிய மாற்றம் வாசகத்தில்தான். முன்பு 'எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன்: சேரக்கூடாது' என்று மட்டும் வரும். இதயச் செயலிழப்புக்கு இவ்விரண்டையும் தெரிந்தேதான் சேர்த்துக் கொடுப்பார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. அதனால் கடைசியாகப் பார்த்த பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) அளவுகளைத் தேதியோடு பெட்டிக்குள்ளேயே காட்டினோம். பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை எழுத ஒரு பொத்தான். அளவு சரியாகவும் சமீபத்தியதாகவும் இருந்தால் பெட்டியே வராது.

முழுதாக மறிப்பதை மிகச் சில மருந்துகளுக்கே வைத்தோம். முதலில் மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிரே போகலாம். அங்கே 'தினமும்' என்ற தேர்வையே எடுத்துவிட்டோம். எந்தக் கிழமை என்று குறித்தால்தான் சீட்டு நகரும். இதே மருந்தை வேறு முறையில் கொடுக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்குத் தனி வழி.

இப்போது பெட்டி வந்தால் ஜூனியர் டாக்டர்கள் நிதானித்துப் படிக்கிறார்கள். அடுத்து ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், அதற்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) அளவைக் காட்டும் வேலை நடக்கிறது.