ஆரஞ்சு மரத்தின் அடிப்பட்டையில் பிசின் வடிந்தால்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

சேர்வராயன் மலையில் காப்பிக்கும் மிளகுக்கும் ஊடே கமலா ஆரஞ்சு வைத்திருப்பவர்கள், மரம் மஞ்சளித்து இலை உதிர்க்கத் தொடங்கியதும் முதலில் உரக்கடைக்குத்தான் செல்கிறார்கள். சத்துக் குறைபாடும் காரணமாக இருக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் உரமூட்டையைப் பிரிப்பதற்கு முன் மரத்தடியில் குனிந்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பட்டையைப் பார்த்துவிட வேண்டும். ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை ஆகியவற்றைக் கொல்லும் நோய்களுள் கொடியதான பிசின் வடிதல் நோய் அங்கேதான் தொடங்குகிறது. அதுவே கீழே இறங்கினால் வேரழுகல்.

இதை உண்டாக்குவது ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர். வழக்கில் இதைப் பூஞ்சணம் என்றே சொன்னாலும், வகைப்பாட்டில் இது உண்மைப் பூஞ்சணங்களிலிருந்து வேறுபட்டது. ஏட்டுக்கு மட்டுமான வேறுபாடு அன்று இது: பலரும் எல்லா நோய்க்கும் கைக்கொள்ளும் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சணக்கொல்லி இதனிடம் பலிக்காது. இதன் வித்துகள் நீரில் நீந்திச் செல்பவை. ஆகவே நீர் தேங்கும் இடமே இதற்கு வழி.

முதற்படி, நோயை உறுதிசெய்வது. பிசின் வடியும் இடத்தில் துளையும் மரத்தூள் போன்ற கழிவும் இருந்தால் அது தண்டுத் துளைப்பானின் வேலை. அதற்கு மருத்துவம் வேறு. துளை இல்லாமல், பட்டை ஈரம் ஊறியதுபோல் கறுத்து வெடித்திருந்தால், கூரிய கத்தியால் சிறிது சுரண்டிப் பார்க்க வேண்டும். நல்ல பட்டையின் உட்புறம் வெளிர்பச்சையாக இருக்கும். நோயுற்றது பழுப்பாக இருக்கும்.

அடுத்து, நீரை விலக்க வேண்டும். மலைத்தோட்டத்தில் சில்வர் ஓக் சருகும் காப்பிச் சருகும் அடிமரத்தைச் சுற்றிக் குவிந்து ஈரத்தைக் காக்கின்றன. அவற்றை ஓரடி தூரத்துக்கு விலக்கி, மண் மூடியிருந்தால் பக்கவேர் தொடங்கும் இடம் தெரியும்வரை இழுத்துவிட்டு, மழைநீர் வடிய வாய்க்கால் எடுக்க வேண்டும். கீழே சேலத்துச் சமவெளியில் பாத்தி கட்டிப் பாய்ச்சுபவர்கள், அடிமரத்தைச் சுற்றி உள்வட்ட வரப்பு ஒன்று போட்டு, நீர் வெளிவட்டத்தில் மட்டும் நிற்கும்படி செய்யலாம்.

பிறகு, கறுத்த பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை செதுக்கி எடுத்து, செதுக்கிய துண்டுகளை எரித்துவிட வேண்டும். கத்தியை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லுமுன் துடைத்துத் தூய்மை செய்யாவிட்டால், நோயை நாமே சுமந்து செல்வோம்.

இனி, செதுக்கிய இடத்தில் பூச வேண்டிய போர்டோ பசை. பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக மில்லார்டே என்னும் தாவரவியலாளர் 1885இல் வெளிப்படுத்திய கலவையின் கெட்டியான வடிவம் இது. ஒரு கிலோ மயில்துத்தத்தை (தாமிர சல்ஃபேட்) ஐந்து லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். துணியில் முடிந்து இரவு முழுவதும் நீரில் தொங்கவிட்டால் தானே கரைந்துவிடும். இன்னொரு வாளியில் ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பின்மேல் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீறச் செய்து, ஆறியபின் ஐந்து லிட்டர் ஆக்கி வடிகட்ட வேண்டும். நீறும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணையும் கையையும் காத்துக்கொள்வது கட்டாயம். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை மயில்துத்தம் அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றி மரக்குச்சியால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது.

கலவை சரியா என்று அறிய, பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கிப் பார்க்கலாம். செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அவ்வாறு படிவது நிற்கும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். பலர் தவிர்த்துவிடும் இச்சோதனையைச் செய்யாமல் பூசுவது பட்டையைக் கருக்கிவிடக்கூடும். பசையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாள் அதற்கு ஒட்டும் திறன் குறைந்துவிடும்.

தூரிகையால், தரையிலிருந்து இரண்டு முதல் மூன்றடி உயரம் வரை அடிமரத்தைச் சுற்றிப் பூச வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும் பூசுவது நல்லது. பட்டை ஈரமாக இருக்கும் நாளில் பூசிப் பயனில்லை.

வேரும் அழுகத் தொடங்கியிருந்தால் பசை மட்டும் போதாது. மெட்டலாக்சிலும் மான்கோசெப்பும் கலந்த மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து, வேர்ப்பகுதி நனைய ஊற்ற வேண்டும். டிரைகோடெர்மா என்னும் நன்மைதரும் பூஞ்சணத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுபவர்கள், அதைத் தாமிர மருந்துடன் சேர்த்து இட்டால் உயிரி இறந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

வேறு சில நோய்கள் இவ்வளவு அஞ்சத்தக்கவை அல்ல. கொழுந்தில் வெண்பொடி படிந்தால் நனையும் கந்தகத்தை, கடும் வெயில் இல்லாத வேளையில் தெளிக்கலாம். கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வந்தால், பச்சை மரம் தெரியும் இடம் வரை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவலாம். பறித்த பழத்தில் பூக்கும் பச்சைப் பூசணம் தோல் காயத்தின் வழியே நுழைவது. பழத்தை இழுத்துப் பறிக்காமல் கத்தரித்தாலே பெரும்பகுதி தவிர்க்கப்படும்.

இறந்த மரத்தின் இடத்தில் புதுக்கன்று வைப்பவர்கள், பழைய வேர்களைத் தோண்டி எடுத்துக் குழியை வெயிலில் காயவிட்டபின், ஒட்டுப்பகுதி தரைக்கு மேல் ஓரடியாவது நிற்கும் கன்றாகத் தேர்ந்து, அந்தப் பகுதி மண்ணில் புதையாதபடி நட வேண்டும். ரங்பூர் எலுமிச்சை வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியாக வேர் தரும் செடி) ஒட்டிய கன்று, ஜம்பேரி வேர்ச்செடியில் ஒட்டியதைவிட இந்நோயைத் தாங்கும். எந்த வேர்ச்செடி என்பதை நாற்றங்காலில் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்.