சிஎன்சி மிஷின்களின் சைக்கிள் டைமை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமுடிவாக்கத்தில் புதிதாக ஷெட் எடுத்திருக்கும் ஒரு தம்பி போன வாரம் அம்பத்தூருக்கு வந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "அண்ணா, நம்ம பழைய மிஷின்ல ரெண்டு நிமிஷம் ஆகுற ஜாப், இதுல 80 செகண்ட்ல முடியுது. அட்வான்ஸ் கொடுத்துடட்டுமா?" புது சிஎன்சி மிஷினை (புரோகிராமில் தானாக ஓடும் கடைசல் மிஷின்) விற்பவரின் டெமோ ரூமில் எடுத்த வீடியோ. அவன் சொன்ன 80 செகண்ட்தான் சைக்கிள் டைம், ஒரு பீஸை முடிக்க மிஷினுக்கு ஆகும் நேரம். சக்கில், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் பகுதியில், இருந்தது ராடிலிருந்து வெட்டி, தோல் உரித்த பளபளப்பான துண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஒரு துண்டைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

ஆஃப்செட்டை (டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை) தப்பாகப் போடுவது, சக் பிரஷரை மறப்பது போன்றவற்றை முதல் மாதத்திலேயே மிஷினே கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை.

டெமோவில் எடுத்த நேரத்தை ஷாப்பில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடுவது

என் ஜாப் இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) ஃபோர்ஜிங்கில், அதாவது சூடாக்கி டையில் அடித்து உருவாக்கிய துண்டில், வரும் ஃபிளாஞ்ச் (வட்ட விளிம்புத் தட்டு). பழைய மிஷினில் 118 செகண்ட். டெமோவில் அதே டிராயிங், 84 செகண்ட். 34 செகண்ட் மிச்சம் என்று மிஷினுக்கு ஆர்டர் போட்டேன். அதோடு நிற்கவில்லை. லோடிங்குக்கு 20 செகண்ட் கூட்டி, 104 செகண்ட் கணக்கில் பார்ட்டிக்கு ரேட்டும் கொடுத்துவிட்டேன். மிஷின் ஹவர் ரேட் 450 ரூபாய், அதாவது செகண்டுக்கு 12.5 பைசா. பீஸுக்கு 13 ரூபாய். மாதம் 4,000 பீஸ்.

மிஷின் வந்து இறங்கி, முதல் ஃபோர்ஜிங்கை ஓட்டியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. டெமோ துண்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஃபோர்ஜிங் அப்படி இல்லை. இரண்டு டையும் சேரும் கோட்டில் 3 மி.மீ. மெட்டீரியல், மற்ற இடத்தில் ஒன்றரை. மேலே கறுப்புச் செதில். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேட்டில் இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனைத் துண்டு) இடிக்கும் சத்தம் ஷெட் வாசல்வரை கேட்டது. ரஃபிங்கில் (முதலில் வெட்டும் முரட்டு வெட்டில்) ஒரு பாஸ் கூட்டி, ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைத்த பிறகுதான் முனை உடையாமல் ஓடியது. 84 என்றது 109 ஆனது. பழைய மிஷினின் 118 இதே ஃபோர்ஜிங்கில் எடுத்தது. அப்படியானால் உண்மையான வித்தியாசம் 9 செகண்ட்தான்.

அந்த 109 செகண்டும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனிலிருந்து எம்30 (புரோகிராம் முடியும் கட்டளை) வரைக்கும்தான். அப்புறம் கதவைத் திறந்து, பீஸைக் கழற்றி, ஏர் கன்னால் ஜாவை (சக்கின் பிடிப்புக் கட்டையை) ஊதி, அடுத்ததை உட்காரவைத்து, கதவை மூட 31 செகண்ட். ஜாவில் ஒரு சில்லு ஒட்டியிருந்தாலும் ரன்அவுட் வந்துவிடும், பீஸ் மையம் விலகிச் சுற்றும். அந்த ஊதலில் அவசரப்படுத்த முடியாது. 5 பீஸுக்கு ஒருமுறை கேஜ் போட்டு அளவு பார்க்க 20 செகண்ட், பீஸுக்கு 4. 60 பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் முனையை மாற்றி அளவு பிடிக்க 3 நிமிடம், பீஸுக்கு 3. ஆக மொத்தம் 147 செகண்ட். பீஸுக்கு அடக்கம் 18 ரூபாய் 37 பைசா, கைக்கு வந்தது 13. மாதம் 21,500 ரூபாய் என் பையிலிருந்து போனது. ரேட்டைத் திருத்தச் சொல்லி நடையாய் நடந்து, அவர்கள் ஒத்துக்கொள்ள 11 மாதம் ஆயிற்று.

இன்றைக்கும் யாராவது "சைக்கிள் டைம் இவ்வளவு" என்று வெறும் எண்ணை மட்டும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எதிலிருந்து எதுவரை? எந்த மெட்டீரியலில்? இவை இரண்டும் இல்லாத எண்ணை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். ஒரு பீஸ் வெளியே வந்ததிலிருந்து அடுத்த பீஸ் வெளியே வரும்வரை எடுங்கள். ரேட் போட உதவும் நேரம் அதுதான்.

ரேபிட் வேகத்தைப் பார்த்து மயங்குவது

ரேபிட் என்பது வெட்டாமல் டூல் சும்மா நகரும் வேகம். 300 மி.மீ. நகர, நிமிடத்துக்கு 24 மீட்டர் ரேபிட்டில் முக்கால் செகண்ட், 36 மீட்டரில் அரை செகண்ட். கால் செகண்ட்தான் மிச்சம். சின்ன நகர்வுகளில் அதுவும் கிடைக்காது; வேகம் ஏறும் முன்பே நிற்க வேண்டிய இடம் வந்துவிடும்.

வெட்டும் நேரத்துக்கு மிஷினின் வயது தெரியாது. 80 மி.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 200 மீட்டர் கட்டிங் ஸ்பீடு என்றால் சுமார் 796 ஆர்பிஎம். ஃபீடு சுற்றுக்கு 0.25 மி.மீ. வைத்தால் 50 மி.மீ. நீளம் ஓட 15 செகண்ட், புதியதோ பழையதோ. மிஷின் உறுதியாக இருந்து 0.30 தாங்கினால் பன்னிரண்டரை. ஃபீடை ஏற்றினால் அதிராமல் தாங்குமா என்று கேளுங்கள்.

பழைய மிஷினைப் பழைய புரோகிராமோடு அளப்பது

பழைய புரோகிராம் பெரும்பாலும் யாரோ பயந்து பயந்து எழுதியதாக இருக்கும். ஒவ்வொரு டூலுக்கும் ஜி28 கட்டளை போட்டு ஹோமுக்கு, அதாவது மிஷினின் தொடக்க இடத்துக்கு, போய்வரும். நடுவில் ஒரு ஜி04, சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை. ஏன் போட்டார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் பழைய புரோகிராமைச் சுத்தம் செய்தபோது 118 செகண்ட் 113 ஆகிவிட்டது. அந்த 9 செகண்டிலும் கடைசியில் மிஞ்சியது 4.

ஓவர்ரைடு

ரேபிட் ஓவர்ரைடு (ரேபிட் வேகத்தைக் குறைக்கும் ஸ்விட்ச்) 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரே பீஸை அளந்து முடிவெடுப்பது

வேண்டாம். 30 பீஸ்.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று

80 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடானால் சுமார் 9 மைக்ரான் விரியும். அந்த விட்டத்துக்கு எச்6 (ஒரு துல்லிய வகுப்பு) டாலரன்ஸே, அதாவது அனுமதித்த அளவு வித்தியாசமே, 19 மைக்ரான். சித்திரை வெயிலில் நம் ஷீட் கூரைக்குக் கீழே மதியம் அளந்தால், ஆபரேட்டர் நிறுத்தி நிறுத்தி ஆஃப்செட் போட்டுக்கொண்டிருப்பார். காலையில் அளந்த மிஷின் ஜெயித்த மாதிரித் தெரியும். இரண்டும் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகு, ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே ஆபரேட்டரை வைத்து எடுங்கள்.

சரி, அந்தத் தம்பி. அட்வான்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னேன். வருகிற சனிக்கிழமை அவனுடைய ஃபோர்ஜிங் 30, அவன் வழக்கமாக வாங்கும் இன்சர்ட் ஒரு பாக்ஸ், அவனுடைய கேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அதே டெமோ ரூமுக்குப் போகிறோம். லோடிங்கும் அவனுடைய பையன்தான் செய்யப்போகிறான். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும்.