தெருச் சாலையின் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

சொத்து வரி கட்டுகிற நமக்கு, தெருவில் போட்ட சாலையின் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. அதைத் தருவது 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். என்னைக் கேட்டால், ஓட்டுக்கு அடுத்தபடியாக நம் கையில் இருக்கும் பெரிய அதிகாரம் இதுதான்.

வெள்ளைத்தாள் போதும். பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம் என்று முகவரியிட்டு, பிரிவு 6(1)-ன் கீழ் கேட்பதாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் சரி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதே இல்லை.

கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. "சாலை ஏன் இவ்வளவு மோசம்?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், முக்கியமாக எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் எழுதித்தான் பில் போடுவார்கள். நகல் வந்ததும் டேப்போடு தெருவில் இறங்கி அளந்துவிடுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட இதே சட்டத்தில் இடமுண்டு. பலருக்கு இது தெரியாது.

விண்ணப்பம் கிடைத்த 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது. அப்புறமும் மௌனம் என்றால், 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.