பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறவர்களின் பயமெல்லாம் சாப்பாட்டிலும் தண்ணீரிலும்தான். கொதித்தாறிய தண்ணீர் குடுங்கள், வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உடம்பில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கரைத்துக் குடுங்கள். ஜீவனிப் பக்கற் எந்தப் பாமசியிலும் கிடைக்கும். ஹெப்படைடிஸ் ஏ, தைபொயிட் ஊசிகளைப் பற்றிப் புறப்பட ஆறு வாரம் முன்பே உங்கள் டொக்டரிடம் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், இதைவிடப் பயப்பட வேண்டியவை வளவுக்குள்ளேயே இருக்கின்றன.

அம்மம்மா வீட்டுக் கிணற்றுக்கட்டு என் ஐந்து வயது மகளின் இடுப்பளவுதான். போய் இறங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கிணற்றுக்கட்டின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, கால் இரண்டும் நிலத்தை விட்டு எழும்ப, உள்ளே எட்டிப்பார்த்துத் தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிணறு திருப்பிச் சொல்கிறதாம். ஊர்ப் பிள்ளைகள் "கிணத்தடிக்குப் போகாதை" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் கிணற்றைப் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். ஆகவே போகமுன்னரே வீட்டுக்காரரிடம் சொல்லிக் கிணற்றுக்கு இரும்பு வலை போடுவியுங்கள். போன அன்றே பிள்ளையின் கையைப் பிடித்து வளவு முழுக்க ஒருதரம் நடவுங்கள்: தண்ணீர்த் தொட்டி, மோட்டர் வயர், பாம்பு ஒளிந்திருக்கக்கூடிய விறகுக் குவியல், எல்லாவற்றையும் காட்டுங்கள். இரவில் வெறும் நிலத்தில் படுக்கவிட வேண்டாம். கட்டிலும் நுளம்பு வலையும் வேண்டும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "எங்கட வீட்டு நாய்தானே, ஒண்டும் செய்யாது" என்பார்கள். கேட்காதீர்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அடுத்தது டெங்கு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. டெங்கு அப்படியில்லை. மாரி மழையோடு கூடும், எங்கள் நத்தார் லீவும் அதே நாட்களில்தான் வருகிறது. இந்த நுளம்பு பகலில் கடிக்கும். காலையிலும் பின்னேரத்திலும் நீளக் கை, நீளக் கால் உடுப்புப் போடுங்கள். காய்ச்சல் வந்தால் எடைக்குத் தக்க அளவு பனடோல் மட்டும் குடுங்கள். வெளிநாட்டில் பழகிய இபுபுரூபன் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளாவது இரத்தம் சோதிப்பியுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்த்தால் சத்தியில் இரத்தம் வந்தாலும் மாறாட்டம் இல்லாமல் தெரியும். காய்ச்சல் விட்டதும் "சரி, சுகம்" என்று நினைத்துவிடாதீர்கள், ஆபத்தான நேரம் அதுதான். வயிற்றுநோ, விடாத சத்தி, குளிர்ந்த கைகால், சலம் குறைவது, இதில் ஏதாவது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அம்புலன்சுக்கு 1990, காசில்லை. பிள்ளையை யாரும் துன்புறுத்துவதாகச் சந்தேகம் இருந்தால் 1929. இரண்டு நம்பரையும் எழுதி அம்மம்மாவின் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முகமாலைப் பக்கம் போனால், மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை தெரியும் இடத்தில் பிள்ளையை வீதியை விட்டு இறங்கவிடாதீர்கள், சலம் போகக் கேட்டாலும்கூட.