கம்பத்து வாழைக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? சேட்டிலைட் டேட்டா வச்சு கணக்கு போடலாம்

எங்க தேனி மாவட்டம் கம்பம் பக்கம் வாழைக்கு தண்ணி விடுறதுக்கு ஒரே கணக்குதான், த்ரீ ஃபேஸ் கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கோ அவ்வளவு நேரம் மோட்டார் ஓடும். சொட்டுநீர் போட்ட பிறகும் அப்படியேதான் ஓட்டுறாங்க. பக்கத்துல வெதர் ஸ்டேஷன் இல்லன்னாலும் பரவால்ல, சேட்டிலைட் டேட்டா தர்ற நாசா பவர்னு ஒரு சைட் இருக்கு, ஃப்ரீ, மேப்ல தோட்டத்த தொட்டா தினசரி வெப்பம், ஈரப்பதம், காத்து, மழை எல்லாம் 1981-ல இருந்தும், வெயில் 1984-ல இருந்தும் கிடைக்கும்.

டவுன்லோட் பண்றப்ப மேல அக்ரோகிளைமட்டாலஜின்னு (விவசாயத்துக்கான பிரிவு) இருக்குறத செலக்ட் பண்ணுங்க. அதுலதான் வெயில் மெகாஜூல்ல வரும், மத்ததுல கிலோவாட் ஹவர்ல வரும், ரெண்டுக்கும் 3.6 மடங்கு வித்தியாசம். அப்புறம் ஃபைல்ல டேட்டா இல்லாத நாளுக்கு -999னு போட்டிருப்பாங்க, அத தூக்கிருங்க. நான் மொத தடவ அத பாக்காம ஆவரேஜ் போட்டு கம்பத்துல மார்ச் மாசம் ஐஸ் உறையுற அளவுக்கு குளிர் கொண்டுவந்துட்டேன்.

இப்ப முக்கியமான மேட்டர். இந்த டேட்டா ஒரு பாயிண்ட்டுக்கு உள்ளது இல்ல, கட்டம் கட்டமா பிரிச்சது, ஒரு கட்டம் சுமாரா 55 கிலோமீட்டருக்கு 68 கிலோமீட்டர். பள்ளத்தாக்கும் மேகமலையும் ஒரே கட்டத்துல விழுந்தா ரெண்டுக்கும் ஒரே வெப்பம்தான் வரும், இதுல நம்ம தோட்டம் எங்க இருக்குன்னு அதுக்கு எப்படி தெரியும்? ஆனா ஃபைலோட தலைப்புலயே அந்த கட்டத்தோட சராசரி உயரம் எழுதியிருக்கும், முக்காவாசி பேர் அத படிக்கிறதே இல்ல. அது 800 மீட்டர், நம்ம தோட்டம் 400 மீட்டர்னு வைங்க. 1000 மீட்டர் இறங்குனா சுமாரா 6.5 டிகிரி கூடும், அப்போ 400 மீட்டருக்கு 2.6 டிகிரி. டேட்டால பகல் 31.4, ராத்திரி 20.4னு இருந்தா நீங்க 34, 23னு எடுத்துக்கணும்.

இனி கணக்கு. மண்ணுல இருந்தும் பயிர்ல இருந்தும் ஒரு நாளைக்கு எத்தன மில்லிமீட்டர் தண்ணி ஆவியாகுதுன்னு ஹார்க்ரீவ்ஸ் ஃபார்முலால போடலாம், அது வெப்பத்த மட்டும் வச்சு போடுறது. சராசரி வெப்பத்தோட 17.8 கூட்டுங்க, பகல் ராத்திரி வித்தியாசத்துக்கு ஸ்கொயர் ரூட் எடுத்து பெருக்குங்க, அத 0.0023 ஆலயும் வான்வெளில விழுற வெயிலாலயும் பெருக்குங்க. அந்த வெயில் அட்சரேகையையும் தேதியையும் மட்டும் பொறுத்தது, அது எத்தன மில்லிமீட்டர் தண்ணிய ஆவியாக்குமோ அந்தக் கணக்குல சொல்லுவாங்க, நம்ம 10 டிகிரிக்கு மார்ச் நடுவுல 15 மில்லிமீட்டர், ஏப்ரல்ல 15.5, டிசம்பர்ல 12.6 கிட்ட. மார்ச்சுக்கு போட்டா 46.3 × 3.32 × 0.0023 × 15, கிட்டத்தட்ட 5.3 மில்லிமீட்டர். உயரத்த திருத்தாம போட்டிருந்தா 5.0 தான் வந்திருக்கும்.

இது புல்லுக்கு உள்ள கணக்கு, வாழைக்கு பயிர் கெழுவால, அதாவது புல்லோட ஒப்பிட்டா அந்தப் பயிருக்கு எத்தன மடங்கு தண்ணி வேணும்ங்கிற எண்ணால, பெருக்கணும். ஐநாவோட உணவு வேளாண்மை அமைப்பான எஃப்ஏஓ 1998-ல போட்ட 56-ம் நம்பர் புக்ல மொத வருஷ வாழைக்கு ஆரம்பத்துல 0.5, நல்லா தழைச்ச பிறகு 1.1, கடைசில 1.0. தழைச்ச மரம்னா 5.3 × 1.1, சுமாரா 5.8 மில்லிமீட்டர். ஒரு ஏக்கர்ல ஒரு மில்லிமீட்டர்னா 4,047 லிட்டர், அப்போ 23,600 லிட்டர் வருது. சொட்டுநீர்ல 10 சதவீதம் வீணாப்போகும்னு வச்சா 26,200. ஆறடிக்கு ஆறடி நட்டா ஏக்கருக்கு 1,210 மரம், ஒரு மரத்துக்கு 21-22 லிட்டர். மரத்துக்கு நாலு லிட்டர் ட்ரிப்பர் ரெண்டு இருந்தா ரெண்டே முக்கால் மணி நேரம் ஓட்டுனா போதும். உயரத்த திருத்தாம விட்டா ஏக்கருக்கு 1,300 லிட்டர் குறையுது பாருங்க, அதுக்குத்தான் அவ்வளவு சொன்னேன்.

ஒரு நாள் டேட்டாவ நம்பாதீங்க, ஏழு நாள் ஆவரேஜ் எடுங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இங்க காத்து பேய் மாதிரி அடிக்கும், ஹார்க்ரீவ்ஸுக்கு காத்தே தெரியாது, கம்மியா காட்டிரும். அந்த மாசத்துக்கு மட்டும் காத்து, ஈரப்பதம், வெயிலையும் சேத்து போடுற பென்மன் மான்டீத் ஃபார்முலா போடுங்க, கையால போட வேண்டாம், எஃப்ஏஓவோட ஈடிஓ கால்குலேட்டர் சும்மாவே கிடைக்குது. அதுக்கு ரெண்டு மீட்டர் உயர காத்துதான் வேணும், நாசா பவர்ல அதுவே இருக்கு, பத்து மீட்டர் காத்த எடுத்தா 0.75 ஆல பெருக்கிக்கோங்க.

மழைய மட்டும் இந்த டேட்டால இருந்து கழிச்சிராதீங்க, தயவுசெஞ்சு. தென்மேற்கு பருவத்துல மலைக்கு அந்தப்பக்கம் குமுளில கொட்டுறதும் கட்டத்துக்குள்ள கலந்துரும், இங்க மழை மறைவுல சாரல் தூவிட்டு போயிருக்கும். வாயும் அடியும் ஒரே அகலமா, பக்கம் நேரா இருக்குற டப்பா ஒண்ண மர நிழல் படாத இடத்துல வச்சு, தினமும் காலைல எட்டரைக்கு ஸ்கேல் விட்டு அளங்க, எத்தன மில்லிமீட்டர் தண்ணி நிக்குதோ அதுதான் உங்க மழை. அஞ்சுக்கு கீழ இருந்தா நான் கழிக்கிறதே இல்ல, இலைலயே காஞ்சு போயிரும்.